ஆட்டத்தில் சேர்க்காத பிள்ளைகள்

ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். இடைவேளை மணி அடித்தால் போதும். மரத்தடி, கொடிக்கம்பத்து மேடை, சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் என்று இடம் பார்க்காமல் ஓடிப்பிடிக்கிறார்கள், நொண்டியடிக்கிறார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கதை மாறிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி நெருங்கும். 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு அணி எடுக்க வேண்டும். கபடிக்குக் களத்தில் ஏழு பேர், மாற்றுக்கு ஐந்து பேர். கோ-கோவிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். தொடர் ஓட்டத்துக்கு நாலு பேர். கபடியில் இருக்கும் பையனே கோ-கோவிலும் இருப்பான், நீளம் தாண்டுவான், தொடர் ஓட்டத்தில் கடைசிக் குச்சியும் அவன் கையில்தான். ஆறு முதல் எட்டு வரை 150 பேர் படிக்கும் பள்ளியில் இருபது பேர் பெயர் பட்டியலில் வந்தால் பெரிய விஷயம்.

மிச்சம் 130 பேர் பை தூக்குவார்கள், தண்ணீர் கொண்டுவருவார்கள், கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். கோப்பை வந்தால் மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டுவார்கள். பள்ளி விளையாட்டு ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்று பேசும்போது நாம் எப்போதும் அந்த இருபது பேரைப் பற்றியே பேசுகிறோம். கேள்வியை அந்த 130 பேர் பக்கம் திருப்பினால்தான் விஷயம் பிடிபடும். ஏனென்றால் விளையாட்டு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்கு. அதுவும் இந்த மூன்று ஆண்டுகளில்.

உடம்பு எழும் வயது

பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஜூன் மாதம் தைத்த கால்சட்டை தை மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரிவது உயரம் மட்டும். உள்ளே நடப்பது இன்னும் பெரிய வேலை. கனடாவின் சஸ்கட்செவன் மாகாணத்தில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்தவர்கள் 1999-ல் வெளியிட்ட கணக்கு இது: வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில், பெரியவரான பிறகு எலும்பில் இருக்கப்போகும் தாதுச்சத்தில் சுமார் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் தாண்டுவதும் ஓடித் திரும்புவதும் தரும் அதிர்வுதான் எலும்பை உறுதியாக்குகிறது. அந்த இரண்டு ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு எங்கே கழிகின்றன என்று பார்த்தால் பெஞ்சிலும், டியூஷன் திண்ணையிலும், செல்போன் வெளிச்சத்திலும். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கிற பெண்ணின் கதை ஏழாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்கலாம்.

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுள்ள 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை வைத்து 2019-ல் அது வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. பள்ளியில் வாரத்துக்கு 40 நிமிட பி.டி. பீரியட் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் வரிசையில் நிற்பது, வருகை எடுப்பது, பந்து வைத்திருக்கும் அறையின் சாவியைத் தேடுவது எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்பது படித்த எல்லாருக்கும் தெரியும்.

இந்த வயதின் இன்னொரு குணத்தைத்தான் அணி எடுக்கும் ஆசிரியர்கள் பலர் கவனிப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிறுத்துங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் நாலாம் வகுப்பு என்று சொன்னால் நம்பலாம். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். வயதில் சில மாத வித்தியாசம், உடம்பில் மூன்று நாலு ஆண்டு வித்தியாசம். ஓடவிட்டால் முன்னவன்தான் ஜெயிப்பான். ஆசிரியர் அதைத் திறமை என்று குறித்துக்கொள்கிறார். பாதி நேரம் அது சீக்கிரம் வளர்ந்துவிட்டதன் பலன், அவ்வளவே.

பிறந்த மாதம்கூட இதில் விளையாடுகிறது. ஜனவரி 1-ஐ வைத்து வயது கணக்கிடும் போட்டிகளில், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய தொகை. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-ல் சுட்டிக்காட்டினார். பிறகு கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் அதே படம் தெரிந்தது. ஆக, 14 வயதுப் பிரிவுத் தேர்வு என்பது முறத்தில் பதரையும் நெல்லையும் பிரிக்கிற வேலை இல்லை. நெல்லிலேயே முதலில் முற்றியதை எடுத்துக்கொண்டு, இன்னும் பால் பிடித்துக்கொண்டிருப்பதைக் கொட்டிவிடுகிற வேலை. “நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா” என்று அனுப்பப்பட்ட பையன் பதினைந்து வயதில் திடீரென்று வளர்ந்து நிற்பான். ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளாக அவன் பந்தைத் தொட்டிருக்க மாட்டான்.

இதற்கு நேர்மாறாக நடந்ததற்கும் நம்மிடமே சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த பிள்ளை. தேர்வுப் பட்டியலில் முதலில் அடிபட வேண்டிய பெயர். பள்ளியில் கையுந்துபந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் உடல் குறையில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அந்த ஆசிரியர் அன்று செய்தது சின்ன வேலைதான்: ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

‘அவுட்’ ஆனாலும் உள்ளே வரலாம்

உடம்பைவிட மனசுக்கு விளையாட்டு செய்வது என்ன என்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். பத்து வயது வரை அம்மா அப்பா சொல்வது உலகம். பன்னிரண்டில் கூட்டாளி சொல்வதுதான் உலகம். ‘என்னைச் சேர்த்துக்கொள்வார்களா’ என்ற ஒரே கேள்வியோடு பிள்ளைகள் பள்ளிக்கு வருகிற பருவம் இது. அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரை உள்ள 11,235 பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2022-ல் ஒரு கட்டுரை வெளியானது. அணியாக ஆடும் விளையாட்டுகளில் இருந்த பிள்ளைகளிடம் பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போகும் தன்மை ஆகியவற்றின் அறிகுறிகள் எதுவும் ஆடாத பிள்ளைகளைவிடக் குறைவு. இது எதிர்பார்த்ததுதான். டென்னிஸ், மல்யுத்தம் போன்ற தனிநபர் விளையாட்டுகளில் மட்டும் இருந்த பிள்ளைகளிடம் அந்த அறிகுறிகள், ஒன்றுமே ஆடாதவர்களைவிடவும் கூடுதல். இது எதிர்பாராதது.

தனியாக ஆடினால் மனசு கெடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துக் காட்டாது. ஏற்கெனவே கூச்சமுள்ள பிள்ளை தனி விளையாட்டைத் தேடிப் போயிருக்கலாம். ஆனாலும் யோசிக்க வைக்கிறது. கோட்டில் தனியாக நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தோற்றால் முழுத் தோல்வியும் அதன் தலையில்தான். கேலரியில் அப்பா முகம் வேறு தெரியும்.

நம் ஊர் ஆட்டங்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்த விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. கபடியில் பிடிபட்டவன் வெளியே போய் உட்காருகிறான். ஆனால் அவன் ஆட்டம் முடியவில்லை. கூட்டாளி ஒருவன் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால் இவன் எழுந்து உள்ளே வரலாம். நம்மை உயிர்ப்பிக்க இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்பதை ஏழாம் வகுப்பில் எந்தப் பாடப்புத்தகம் இவ்வளவு பளிச்சென்று சொல்லித்தரும்? கோ-கோவில் முதுகைத் தட்டி ‘கோ’ சொல்லும் வரை, எவ்வளவு வேகமான கால் இருந்தாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். துருதுருவென்று இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு தவம். இந்த ஆட்டங்களுக்குக் காசும் வேண்டாம். கபடிக்குப் பத்துக்குப் பதின்மூன்று மீட்டர் மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்பும், கோ-கோவுக்கு நட இரண்டு கம்பமும் போதும்.

கடன் போகும் பீரியட்

‘சிலபஸ் முடியல, இந்த பீரியட் நான் எடுத்துக்கிறேன்.’ கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது நம் பள்ளிகளின் பழைய பழக்கம். கடன் என்று பேர். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு நேரத்தைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் நேரத்தை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய அளவுக்கு இது ஊறிப்போயிருக்கிறது.

கடன் வாங்குவதால் படிப்புக்கு லாபமா? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-ல் ஒரு சின்னச் சோதனை வெளியிட்டது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடந்த பிறகு கவனச் சோதனையிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் சோதனையிலும், சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நன்றாகச் செய்தார்கள். டென்மார்க்கின் ஸ்வென்போர் நகரில் 2008-ல் ஆறு தொடக்கப் பள்ளிகள் வாரத்துக்கு இரண்டாக இருந்த உடற்கல்வி வகுப்பை ஆறாக உயர்த்தின. பாட மதிப்பெண் அதனால் குறையவில்லை. மும்மடங்கு ஆடியும் குறையவில்லை என்பதே நம் ஊர் பெற்றோர் கேட்க வேண்டிய செய்தி.

‘ஆடினால் மார்க் ஏறும்’ என்று விளையாட்டை விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. மார்க் ஏறாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று அதற்குப் பொருளாகிவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று ஆறாம் வகுப்பிலேயே சான்றிதழைக் கணக்குப் பார்க்கும் பெற்றோரும் இதே கணக்கைத்தான் வேறு தாளில் போடுகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண்கள் எங்கே?

மாலையில் ஏதாவது பள்ளி மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எறிபந்தும் வளையப்பந்தும் ஆடிக்கொண்டிருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். வயசுக்கு வந்தாச்சு. வெயில்ல நின்னா கறுத்துப்போவா. துப்பட்டாவை எங்க வெச்சுட்டு ஓடறது? பயிற்சி முடிந்து இருட்டினால் கூட்டிவர ஆள் இல்லை. தண்ணீர் வராத கழிப்பறை. இதில் ஒன்று கூட ‘அவளுக்கு விருப்பமில்லை’ என்ற வகையில் சேராது. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் அப்படித்தான் போய்ச் சேரும்.

தமிழ்நாடு அரசு வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகத் தருகிறது. வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலேயே தரப்படுகிறது. நல்ல காரியங்கள். ஆனால் நாப்கின் மாற்ற இடமும், மூன்று நாள் ஆடாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் திரும்பி வந்தால் ஏன் என்று கேட்காத ஆசிரியையும் இருந்தால்தான் அவள் மைதானத்துக்குத் திரும்புவாள். பெண் உடற்கல்வி ஆசிரியை இருக்கும் பள்ளியில் இந்தப் பேச்சு எளிது. இல்லாத பள்ளியில் அவள் ‘வயித்து வலி சார்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள், அவரும் தலையாட்டிவிடுவார்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் இருந்த சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே கொண்டாடியது. அரசு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. தகும். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டு ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் அது. அங்கிருந்து ஒரு பெண் இந்தியச் சட்டை போட்டதன் மதிப்பு பதக்கத்தோடு முடிவதில்லை. அவளைப் பார்த்து ‘நானும் வரேன்க்கா’ என்று வந்து நிற்கிற ஏழாம் வகுப்புப் பெண்கள் இந்திய அணிக்குப் போகாமல் போகலாம். நாலு ஆண்டு ஆடினாலே போதும், அந்தத் தெருவில் அவர்கள் நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

வெறும் வயிறு, பகுதிநேர ஆசிரியர்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வயிறு நிறைகிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. அதாவது எந்த ஆண்டு பிள்ளை வேகமாக வளரத் தொடங்குகிறதோ, எந்த ஆண்டு அணியில் சேர்ந்து காலை ஆறரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டியிருக்கிறதோ, அந்த ஆண்டு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. விடியற்காலையில் கட்டட வேலைக்கோ நூறுநாள் வேலைக்கோ கிளம்பும் வீடுகளில் அவ்வளவு சீக்கிரம் அடுப்பு எரிவதில்லை. பயிற்சி முடித்த பையன் மதியச் சத்துணவு முட்டை வரை தண்ணீர் குடித்துச் சமாளிக்கிறான். மூன்றாம் பீரியடில் அவன் தூங்கினால் ‘விளையாடற பய, படிக்க மாட்டான்’ என்று பெயர்.

ஆசிரியர் கதை இதைவிடப் பழையது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டு வரை 100-க்கு மேல் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. முழுநேரம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மைதானமும் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுக்கப்பட்டார்கள். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து போராடுவதும் தொடர்கிறது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வருகிறவர், யார் வளர்ந்திருக்கிறான், யார் ஒதுங்கி நிற்கிறாள் என்று எப்போது பார்ப்பார்? அவர் இருக்கும் நேரத்தில் கோப்பைக்கு ஆள் தேடத்தான் முடியும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்களுக்கென ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருகிறது. அதில் வாங்கிய பந்தும் வலையும், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல இடங்களில் பீரோவுக்குள் புதுசாகவே இருக்கின்றன. தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தணிக்கையில் கேட்கப்படுவது பந்து இருக்கிறதா என்பதுதான், தேய்ந்திருக்கிறதா என்பதல்ல.

தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது பேருக்கும் எல்லாம் சுகமில்லை. ஏழாம் வகுப்பிலிருந்தே மாநில விளையாட்டு விடுதிகளில் சேரலாம். திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரே ஆட்டத்தில் ஆண்டு முழுக்க உடம்பை வருத்துவதை எலும்பு ஏற்பதில்லை. முட்டிக்குச் சற்றுக் கீழே முண்டு போல வீங்கி, தொட்டால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது. ஓய்வுதான் மருந்து. ‘வளர்ற வயசுல அப்படித்தான்’ என்று ஓடவிட்டால் சீசன் முழுக்க வலி கூடவே வரும். ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் சொன்ன ஆலோசனை. பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துக் கொண்டுவந்து சிறிய பிள்ளைகளோடு மோதவிடும் வழக்கத்தைப் பற்றி மைதானத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், எழுத்தில் யாரும் கொடுப்பதில்லை.

நார்வேயில் பிள்ளைகள் விளையாட்டுக்கென்று தனி விதி உண்டு. பதினோரு வயதுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கூடாது. எல்லாரும் ஆட வேண்டும். ஏறக்குறைய 55 லட்சம் பேர் உள்ள அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. அங்கே பணம் இருக்கிறது, பனி இருக்கிறது, வீட்டுக்கு வீடு கார் இருக்கிறது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் சீக்கிரம் பொறுக்கி எடுக்காவிட்டால் பதக்கம் வராது என்று நம் ஆட்கள் சொல்லும் நியாயம் அங்கே செல்லவில்லை.

நம்மிடம் இருப்பதை வைத்தே ஒன்று செய்யலாம். அரசுப் பள்ளிகளில் 2024 குழந்தைகள் தினத்தன்று ‘மகிழ் முற்றம்’ தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்தாயிற்று. பள்ளிக்குள்ளேயே ஐந்து அணி தயாராக இருக்கிறது. 150 பேர் பள்ளியில் குழுவுக்கு முப்பது பேர். ஆண்களில் ஒன்று, பெண்களில் ஒன்று என்று குழுவுக்கு இரண்டு கபடி அணி வைத்து, பாதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் எல்லாரும் இறங்கியே ஆக வேண்டும் என்று ஒரு விதி போட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் இடம் கிடைக்கும். ஐந்து அணி ஒன்றோடொன்று மோதப் பத்து ஆட்டம். ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவுக்கும் வாரம் இரண்டிரண்டு ஆட்டம் நடத்தினால் ஐந்து வாரம். ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஆரம்பித்தால், குறுவட்டத்துக்குப் பெயர் அனுப்பும் முன்பாக முடிந்துவிடும்.